இளையராஜா எழுதின பாட்டை யாருங்க கேக்கறீங்க? (தருமபுரி, கிருஷ்ணகிரி ரசிகர்கள் பேசலாம்)

கேசட்_பெட்டி (பாலக்கோடு)

ஜூன் 2 வந்தா நம்ம பக்கத்து வாட்சப் குழு எல்லாத்துலயும் ஒரே படம்தான். வெள்ளை வேட்டி, பின்னாடி ஒளிவட்டம், மேல "இசைக்கடவுள்". அவர் பிறந்தது 3ஆம் தேதி, கலைஞர் பிறந்தநாளும் அதுவேங்கறதால ஒரு நாள் முன்னாடி வெச்சுக்கிட்டார்ங்கறது தெரியாதவங்களும் அனுப்பறாங்க. அனுப்பட்டும், சந்தோஷம்தான்.

என் கேள்வி வேற. இசையமைப்பாளர் ராஜாவைப் பத்திப் பேச ஊருக்கு நூறு பேர் இருக்கோம். தானே எழுதி, தானே மெட்டுக் கட்டி, தானே பாடின ராஜான்னு ஒருத்தர் இருக்காரே, அவரை யாராவது கேக்கறீங்களா?

"இதயம் ஒரு கோவில்" 1985ல வந்த பாட்டு. யார் எழுதினதுன்னு எந்த ராஜா ரசிகரை வேணா கேட்டுப் பாருங்க. வைரமுத்து ம்பாங்க, வாலி ம்பாங்க. எழுதினது ராஜா. "பிச்சைப் பாத்திரம்" 2009ல நான் கடவுள் படத்துல மது பாலகிருஷ்ணன் பாடி வந்ததும் தியேட்டர்ல அழாத ஆள் இல்ல. அது படம் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே ராஜா தானே எழுதி ரமண மாலைங்கற பக்திக் கேசட்டுல பாடி வெச்ச பாட்டு. அந்த கேசட் அப்பவே கடையில இருந்துச்சு. நம்ம ஆளுங்க வாங்கல. 2023ல விடுதலை முதல் பாகத்துல "காட்டுமல்லி". எழுதினதும் அவர், அனன்யா பட் கூடப் பாடினதும் அவர். அப்ப வயசு 79.

கடவுள்னு பேனர் கட்டறவங்க கடவுள் கைப்பட எழுதினதையாவது ஒரு தடவை படிக்கக் கூடாதா?

ஒகேனக்கல்_சாரல் (பென்னாகரம்)

ஏங்க கேக்கல? ஜனனி ஜனனி, தென்பாண்டிச் சீமையிலே, தென்றல் வந்து தீண்டும்போது, எல்லாம் அவரே எழுதிப் பாடினதுதானே? தினமும் கேக்கறோம். ராஜா ராஜாதான்.

தகடூர்_வாத்தியார் (தருமபுரி)

தம்பி, அவசரப்பட வேண்டாம். "ஜனனி ஜனனி" வாலி. "தென்றல் வந்து தீண்டும்போது" அதுவும் வாலி. "தென்பாண்டிச் சீமையிலே" புலமைப்பித்தன். மூன்றிலும் குரலும் மெட்டும்தான் ராஜாவுடையவை. கேசட்_பெட்டி கேட்ட கேள்விக்கு நீங்களே சாட்சியாக வந்து நின்றுவிட்டீர்கள்!

ஒகேனக்கல்_சாரல் (பென்னாகரம்)

யார் எழுதினா என்ன சார், அவர் பாடின உடனே அது அவர் பாட்டுதான்.

அரூரான் (அரூர்)

காட்டுமல்லி பத்திச் சொன்னதால நான் ஒண்ணு சொல்லணும்.

விடுதலை படத்துல ஊர் வேற, ஆளுங்க வேற. ஆனா அரூர்ப் பக்கத்துக்காரன் அந்தப் படத்தைப் பார்த்துட்டு, பக்கத்துல இருக்கற பழங்குடி ஊர் வாச்சாத்தியை நினைக்காம வெளிய வர முடியாது. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூணும் சேர்ந்து ஊருக்குள்ள புகுந்து என்ன பண்ணினாங்கன்னு இங்க யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்ல. 2011ல தருமபுரி கோர்ட்டு, குற்றம் சாட்டப்பட்ட 269 பேர்ல அப்ப உயிரோட இருந்த 215 பேரையும் குற்றவாளின்னு சொல்லுச்சு. படம் வந்தது 2023 மார்ச். அதே வருஷம் செப்டம்பர்ல சென்னை ஐகோர்ட்டு அந்தத் தண்டனையை உறுதி பண்ணுச்சு.

சித்தேரி மலை அடிவாரத்துல வளர்ந்தவனுக்கு காடுன்னா அழகு மட்டும் இல்ல. அந்தப் பாட்டு மெதுவா, கைப்பிடிச்சு நடத்திட்டுப் போற மாதிரி போவுது. படத்துல அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சவங்களுக்கு அந்த மெதுவே பயமா இருக்கும். வயசான குரல் வேற. 25 வயசுப் பையன் யாராவது அதைப் பாடி இருந்தா வெறும் காதல் பாட்டாப் போயிருக்கும்.

எழுதினவர் அவர்னு எனக்குத் தெரியாது. இப்ப தெரிஞ்சதுல இன்னும் கொஞ்சம் புடிக்குது.

மாங்கூழ் (காவேரிப்பட்டணம்)

கேசட்_பெட்டி அண்ணா, உங்க பதிவுல எனக்கு ஒரு கோபம்.

எங்கம்மா மாங்கூழ் கம்பெனியில வேலை செஞ்சவங்க. சீசன் வந்தா பெங்களூரா மாங்கா லோடு லாரி லாரியா வந்து நிக்கும், ராத்திரி ஷிப்டு. பொம்பளைங்க வரிசையா நின்னு காய் பொறுக்குவாங்க, தூக்கம் வராம இருக்கப் பாடுவாங்க. அம்மா பாடறது "சோளம் விதைக்கையிலே". எந்தப் படம்னு தெரியாது, எழுதினது யாருன்னு தெரியாது, பாடினது இளையராஜாதான்னே எனக்கு விவரம் தெரிஞ்சு நான் சொல்லித்தான் தெரியும். "அப்படியா, நம்மூரு ஆளு மாதிரி இல்ல இருந்துச்சு" ன்னாங்க. அவ்ளோதான். அவங்க ரசிகை இல்லையா? பரிட்சை வெச்சுத்தான் சேப்பீங்களா?

கேசட்_பெட்டி (பாலக்கோடு)

அம்மாவை நான் எங்கம்மா சொன்னேன்? ஒளிவட்டம் போட்டு அனுப்பறவங்களைச் சொன்னேன். உங்கம்மா ஒளிவட்டம் போடல, பாடினாங்க. அவங்களை முதல் வரிசையில உக்கார வெக்கணும்.

மைக்செட்_மகன் (பாப்பாரப்பட்டி)

மாங்கூழ் அக்காவோட அம்மா சொன்னதுல ஒரு விஷயம் இருக்கு, தொழில்ரீதியாச் சொல்றேன். அப்பா மைக் செட் வெச்சிருந்தார், இப்ப நான் பாத்துக்கறேன்.

அந்தக் காலத்துல கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை எதுவா இருந்தாலும் குழாய் ஸ்பீக்கர்தான். புளியமரத்து உச்சியில ஒண்ணு, ஊர் எல்லையில ஒண்ணு கட்டுவோம். குழாய்ல பேஸ் வராதுங்க. ஆழமான சத்தம் எல்லாம் குழாய்க்குள்ளயே செத்துடும். நடுவாந்தரமா இருக்கற சத்தம்தான் ரெண்டு மைல் போவும்: மனுசக் குரல், புல்லாங்குழல், நாயனம். சசிதரன் வாசிச்ச பேஸ் கிட்டாரைப் பத்தி இப்ப இணையத்துல பக்கம் பக்கமா எழுதறாங்களே, நம்ம ஊர் ஜனங்க அதை எண்பதுகள்ல கேட்டதே கிடையாது! டவுன்ல டேப் ரெக்கார்டர்ல டபுள் ஸ்பீக்கர் வெச்சிருந்தவங்க கேட்டிருக்கலாம். காட்டுல களை எடுத்துட்டு இருந்தவங்களுக்குப் போய்ச் சேந்தது குரலும் குழலும்தான்.

ராஜா குரல் பின்னணிப் பாடகர் குரல் கிடையாது. எஸ்.பி.பி மாதிரி வழவழப்பு இல்ல, ஜேசுதாஸ் மாதிரி கனம் இல்ல. கொஞ்சம் மூக்கு, கொஞ்சம் கரகரப்பு. குழாய்ல அதுதான் எடுபடும். எதிர்க்காத்துல கூடக் கேக்கும். அப்பா சொல்வார், "ராஜா தானே பாடினா ஆம்ப்ளிஃபயர்ல ஒரு கோடு கம்மியா வெச்சாப் போதும்".

விடியக்காலை பிள்ளையார் பாட்டு ஒண்ணு, அடுத்தது ஜனனி ஜனனி. இந்த வரிசையை மாத்தினா பெரியவங்க வந்து சத்தம் போடுவாங்க.

தகடூர்_வாத்தியார் (தருமபுரி)

மைக்செட் தம்பி சொன்னது எனக்குப் புதிது. ஒன்றைச் சேர்க்கிறேன்.

நம் பகுதியில் பாரதம் படிக்கும் ஊர்களில் பதினெட்டு நாள் கதை, இரவில் கூத்து. பார்த்தவர்களுக்குத் தெரியும், கூத்து வாத்தியார் என்பவர் என்ன செய்கிறார் என்று. பாட்டுக் கட்டுவார், மெட்டுப் போடுவார், முன்பாட்டுப் பாடுவார், தேவைப்பட்டால் வேடம் கட்டி இறங்குவார். ஆர்மோனியமும் முகவீணையும் மிருதங்கமும் பக்கத்தில். விடிய விடியப் பாடி அவர் குரல் கிழிந்துதான் இருக்கும். கிழியாத குரலுக்கு அங்கே மரியாதை இல்லை. சினிமாவில் எழுதுகிறவர் ஒருவர், மெட்டுப் போடுகிறவர் ஒருவர், பாடுகிறவர் ஒருவர் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் மண்ணில் அந்தப் பிரிவினை கிடையாது.

ராஜாவும் அப்படித்தான் வந்தார். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடி வந்தவர். மேடைக்கு முன் மண்ணில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகப் பழகிய குரல் அது. சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தது, ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தது, 1976இல் அன்னக்கிளி எல்லாம் அதற்குப் பிறகு.

கூத்துக் கலைஞர்களைப் பற்றி நாசர் 1995இல் எடுத்த அவதாரம் படத்துக்கு ராஜா தன் குரலையே கொடுத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. படம் ஓடவில்லை. பாட்டு நம் பேருந்துகளில் இன்னும் ஓடுகிறது.

ஓசூர்_ஷிப்ட் (ஓசூர்)

எங்க வீட்ல தெலுங்கு, தெருவுல கன்னடம், கம்பெனியில தமிழ். கம்பெனி பஸ்ஸுல ராத்திரி ஷிப்டு முடிச்சு வரும்போது டிரைவர் ராஜா போடுவார், அப்ப ஆரம்பிக்கும் சண்டை. கன்னடக்காரங்க "இது எங்க ராஜா" ன்னுவாங்க. ஏன்னு கேட்டா, சங்கர் நாக்கோட கீதா, மணிரத்னம் முதல் படம் பல்லவி அனுபல்லவி, நம்மூர மந்தார ஹூவே ன்னு வரிசையாச் சொல்வாங்க. ஜி.கே.வெங்கடேஷ் கன்னடத்துல பெரிய ஆள், அவர்கிட்ட இருந்தப்பவே ராஜா பாதி கன்னடக்காரர்னு ஒரு வாதம் வேற. தெலுங்குக்காரங்க நாங்க சாகர சங்கமத்தைக் காட்டினா அவங்க வாயை மூடிருவாங்க, அது தேசிய விருது வாங்கின படம்.

ஆனா பாருங்க, இந்த இழையில பேசற "எழுதின ராஜா" தமிழங்களுக்கு மட்டும்தான். அந்தச் சண்டையில அவரை யாரும் எடுக்கவே முடியாது. இவ்ளோ நாளா எனக்கு இது தோணல.

இருபத்துமூணு (கிருஷ்ணகிரி)

பெரியவங்க மன்னிக்கணும். எங்க வீட்ல அப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் ராஜா வெறியர்கள். அவங்க ப்ளேலிஸ்ட் 1992ல நின்னுடுச்சு. அதுக்கப்புறம் அந்த மனுசன் முப்பது வருசமா வேலை செஞ்சிருக்கார், அதுல ஒண்ணு கூடக் கிடையாது. திருவாசகத்தை 2005ல புடாபெஸ்ட் சிம்பொனி கூடப் பண்ணினார். நான் போட்டுக் காட்டினேன். மாமா கேட்டது, "இதுல எந்தப் பாட்டுடா பஸ்ஸுல போடுவாங்க?"

2025 மார்ச் 8 லண்டன்ல அவரோட வேலியன்ட் சிம்பொனி அரங்கேறுனப்ப எல்லாரும் ஸ்டேட்டஸ் வெச்சாங்க, தமிழனின் பெருமைன்னு. இந்த சிம்பொனியில பாட்டே இருக்காது மாமா, பாடகர் இல்லன்னு சொன்னேன். "பாட்டு இல்லாம ராஜாவா?" ன்னு முழிச்சார்.

உங்க இருபது வயசைத்தான் கும்பிடறீங்க, ராஜா பேர்ல. தப்பில்ல. ஆனா எங்களைப் பார்த்து "இப்ப எல்லாம் எங்கடா பாட்டு" ன்னு சொல்லாதீங்க. அவரோட இப்பத்த பாட்டையே நீங்க கேக்கறதில்ல.

ஒகேனக்கல்_சாரல் (பென்னாகரம்)

தம்பி மீசை முளைக்கறதுக்கு முன்னாடி ராஜாவை எடை போட வந்துட்டாரு.

கேசட்_பெட்டி (பாலக்கோடு)

சாரல், ஆளைப் பேசாதீங்க, விஷயத்தைப் பேசுங்க. தம்பி சொல்றது என் கேள்வியேதான், என்னை விடக் காரமாக் கேட்டிருக்கு.

ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன் தம்பி. உங்கப்பா காலத்துல ஒரு பாட்டு வேணும்னா ரெக்கார்டிங் கடைக்குப் போய், பேப்பர்ல லிஸ்ட் எழுதிக் குடுத்து, 60 நிமிஷம் கேசட்டுல அடங்குமா 90 வாங்கணுமான்னு கணக்குப் போட்டு, ரெண்டு நாள் கழிச்சு வாங்கணும். கடைசிப் பாட்டு பாதியில அறுந்திருக்கும். அப்படி வாங்கினதை மனசு விடாது. உங்களுக்குக் கையில எல்லாமே இருக்கு, அதனால புதுசையும் கேக்கறீங்க. அவங்க நின்ன இடம் அவங்க காசு குடுத்து வாங்கின இடம்.

ராயக்கோட்டை_ரோடு (ராயக்கோட்டை)

எல்லாரும் சுத்திச் சுத்திப் பேசறீங்க, யாரும் ராயல்டி சண்டையை எடுக்க மாட்டேங்கறீங்க. 2017ல ராஜாகிட்ட இருந்து எஸ்.பி.பிக்கே வக்கீல் நோட்டீஸ் போச்சு. மஞ்ஞும்மல் பாய்ஸ் படத்துக்கு 2024ல போச்சு. அப்ப எல்லாம் ரசிகர்கள் என்ன பண்ணினாங்க? எதிர்த்துக் கேட்டவனை எல்லாம் திட்டித் தீர்த்தாங்க. பாட்டைப் பணமாக்கறவர் எப்படிங்க கடவுள்? எங்க ஊர்ப் பண்டிகையில லைட் மியூசிக் வெக்கறவங்க பயந்துட்டு இருக்காங்க, ராஜா பாட்டுப் பாடினா கேஸ் வருமான்னு.

தகடூர்_வாத்தியார் (தருமபுரி)

ரோடு அவர்களே, உழைத்தவன் கூலி கேட்டால் கடவுள் பட்டம் போய்விடுமா? அப்படிப் போகும் பட்டம் போகட்டும், கூலி வரட்டும்.

சட்டத்தை மட்டும் தெளிவாக்குகிறேன். ஒரு பாட்டில் மூன்று உரிமை இருக்கிறது: சொல் எழுதியவருடையது, மெட்டமைத்தவருடையது, ஒலிப்பதிவைத் தயாரித்தவருடையது. 2012 திருத்தச் சட்டம், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டது. கோயில் சடங்கு, கல்யாணச் சடங்கு, கல்யாண ஊர்வலம் ஆகியவற்றில் பாடுவதற்கும் போடுவதற்கும் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆகவே மாரியம்மன் பண்டிகைக்கு விடியற்காலையில் ஜனனி ஜனனி போடும் மைக்செட் தம்பி நிம்மதியாகத் தூங்கலாம். டிக்கெட் விற்று நடத்தும் கச்சேரி வேறு கதை. பண்டிகை ராத்திரி மேடை போட்டு லைட் மியூசிக் வைப்பதைச் சடங்கில் சேர்க்கலாமா என்று அதற்கெனத் தெரிந்த வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எஸ்.பி.பி விஷயத்தில் இருவரும் 2019இல் ஒரே மேடை ஏறிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அந்தச் சண்டையைத் தொடர்ந்து நடத்துகிறவர்கள் ரசிகர்கள்தான்.

ராஜா வழக்குகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி, அப்படியானால் பாட்டெழுதியவர் பங்கு எங்கே என்பது. நியாயமான கேள்வி. அவரே எழுதியவற்றில் மட்டும் அந்தக் கேள்விக்கு இடமில்லை. சொல்லும் அவர், சுரமும் அவர்.

ஊத்தங்கரை_பௌர்ணமி (ஊத்தங்கரை)

ரொம்ப நேரமாப் படிச்சுட்டு இருக்கேன், இப்பதான் எழுதறேன்.

பௌர்ணமிக்கு எங்க ஊர்ல இருந்து சிங்காரப்பேட்டை, செங்கம் வழியா திருவண்ணாமலைக்குப் பஸ் போயிட்டே இருக்கும். அந்த பஸ்ஸுல ரமண மாலை கேட்டிருக்கீங்களா யாராவது? ரமணர் மேல அவர் எழுதினது. மலை சுத்தறவங்க நிறையப் பேரு போன்ல போட்டுக்கிட்டு நடப்பாங்க. கேசட்_பெட்டி ஐயா, யாரும் கேக்கறதில்லன்னு சொன்னீங்க. நாங்க கேக்கறோம். ஆனா நாங்க யாரும் ராஜா ரசிகர் குழுவுல இல்ல, பேனரும் கட்டல, அதனால உங்க கண்ணுல படல.

இன்னொண்ணு. பிச்சைப் பாத்திரம் பாட்டுல அவர் என்ன சொல்றார்? கையில பிச்சைப் பாத்திரத்தை ஏந்திக்கிட்டு ஐயன் வாசல்ல வந்து நிக்கறேங்கறார். தன்னை அவ்வளவு கீழ இறக்கி ஒரு மனுசன் எழுதி வெச்சிருக்கார். நாம அவரைப் புடிச்சு பீடத்துல ஏத்தி ஒளிவட்டம் போடறோம். அவர் எழுதினதைப் படிச்சிருந்தா அந்தப் படத்தை அனுப்பக் கை வராது.

கேசட்_பெட்டி (பாலக்கோடு)

பௌர்ணமி அம்மா, நான் இவ்ளோ நீளமா எழுதினதை நீங்க நாலு வரியில முடிச்சுட்டீங்க.

தெற்குத்தெரு (நல்லம்பள்ளி)

முடிக்காதீங்க. நான் ஒளிவட்டப் படம் அனுப்பற கோஷ்டி. எனக்கும் பேச இடம் குடுங்க.

எங்க தெரு எந்தத் தெருன்னு பேர்லயே தெரியும். எங்க தாத்தா காலத்துல டீக்கடையில எங்களுக்குத் தனி டம்ளர். அதே டீக்கடை ரேடியோவுல நாள் முழுக்க ராஜா. எங்களை உள்ள விடாத கோயில் கோபுரத்து மேல கட்டின குழாய்ல விடியக்காலை ராஜா குரல். அப்பா கீழ ரோட்டுல நின்னு கேப்பாராம், சிரிச்சுக்கிட்டே. அவர் தன்னை இந்தக் கணக்குல வெச்சுப் பேசறதை விரும்பாதவர்னு தெரியும், அதை நான் மதிக்கறேன். அவர் பேசல, நான் பேசறேன்.

நீங்க எல்லாம் "மனுசனை ஏன் சாமி ஆக்கறீங்க" ன்னு கேக்கறீங்க. சாமி ஏற்கெனவே உங்ககிட்ட இருந்துச்சு, அதனால கேக்க முடியுது. எங்கப்பாவுக்கு அந்தக் குரல்தான் முதல்ல உள்ள போச்சு. ஒளிவட்டம் கொஞ்சம் அசிங்கமான டிசைன்தான், ஒத்துக்கறேன். ஆனா எடுக்க மாட்டேன்.

அரூரான் (அரூர்)

இதுக்கு மறுப்பு சொல்ல இங்க யாருக்கும் யோக்கியதை இல்ல. வைங்க ஒளிவட்டத்தை.

ஊத்தங்கரை_பௌர்ணமி (ஊத்தங்கரை)

தெற்குத்தெரு தம்பி, நான் எழுதினது எழுதினதுதான், நீங்க எழுதினதும் சரிதான். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. இருக்கட்டும்.

இருபத்துமூணு (கிருஷ்ணகிரி)

சரி, சண்டையை விடுங்க. அவரே எழுதின பாட்டு மட்டும் ஒரு லிஸ்ட் போடலாமா? நான் சேக்கறேன். இப்போதைக்கு: இதயம் ஒரு கோவில், பிச்சைப் பாத்திரம், காட்டுமல்லி, விடுதலை ரெண்டாம் பாகத்துல "தினம் தினமும்". ரமண மாலையைத் தனியா ஒரு கோப்பு. சந்தேகமா இருக்கறதைச் சேக்க வேண்டாம், இசைத்தட்டு அட்டையில பேர் பார்த்தவங்க மட்டும் சொல்லுங்க.

தகடூர்_வாத்தியார் (தருமபுரி)

வெண்பாக்களும் எழுதிப் புத்தகமாக வந்திருக்கின்றன. தளை தட்டாமல் எழுதியிருக்கிறார். பாட்டுப் பட்டியலில் வராது என்றாலும் அந்தக் கையும் இந்தக் கையும் ஒன்றுதான், குறித்து வையுங்கள்.

மாங்கூழ் (காவேரிப்பட்டணம்)

இதயம் ஒரு கோவில் எஸ்.பி.பி பாடினதுதானே எல்லா இடத்துலயும் இருக்கு? ராஜா குரல்ல இருக்கா? அம்மா கேக்கறாங்க. இந்த இழை முழுக்கப் படிச்சுக் காட்டினேன்.

மைக்செட்_மகன் (பாப்பாரப்பட்டி)

இருக்குதுக்கா. ராஜாவும் ஜானகியும் பாடினது தனியா ஒண்ணு இருக்கு, அதே படம். அப்பாவோட பெட்டியில கேசட் இருக்கு, பென்டிரைவுல ஏத்தித் தரேன். நான் ஞாயித்துக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்கு வருவேன், காவேரிப்பட்டணம் வழியாத்தான். அம்மாவுக்கு வேற எதாவது வேணும்னா லிஸ்ட் எழுதி வைங்க, நான் வாங்கிக்கறேன்.